வழியில் வினவுதல்

பயணத்தின்போது முன்பின் அறியாத ஒருவரோடு போதகர் எவ்வாறு பேசத் தொடங்குவது என்னும் வினாவுக்கு நம் இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் தனியிடம் கிடையாது. அருளுரைக் கலைக்கு வகுப்பு உண்டு. ஆயர் பணிக்கும் ஆலோசனைப் பணிக்கும் வகுப்புகள் உண்டு. திருமுறை வழிபாட்டுக்கும் உண்டு. ஆனால் பத்துப் பன்னிரண்டு சபைகளைக் கொண்ட சேகரத்தைக் கவனிக்கும் ஆயர் ஒருவர் பீடத்தில் நின்று பேசும் நேரத்தையும், பேருந்து நிலையங்களிலும் இரயில் வண்டிகளிலும் அமர்ந்திருக்கும் நேரத்தையும் கூட்டிப் பார்த்தால், பின்னதே மிகுதியாயிருக்கும். அந்நேரமெல்லாம் ஊழியத்திற்குப் புறம்பான நேரமா? இதனை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு தடையைச் சந்தித்தாக வேண்டும். லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தில் ஆண்டவர் எழுபது பேரை அனுப்பும்போது, பையும் பாதரட்சையும் வேண்டாம் என்பதோடு, வழியில் எவரையும் வினவ வேண்டாம் என்றும் விலக்குகிறார். வழிப்பேச்சை விரும்பாத ஊழியருக்கு இது வசதியான வசனமாகத் தோன்றலாம். நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘வினவுதல்’ என வரும் சொல்லுக்குக் கிரேக்க மூலத்திலுள்ளது ‘அஸ்பாசோமாய்’ என்னும் வினை. அது வாழ்த்துரைத்தலைக் குறிப்பது. கீழைநாட்டு வாழ்த்து ஒரு சொல்லில் முடிவதன்று. நலம் கேட்டு, குடும்பம் கேட்டு, கால்நடை கேட்டு, நிழலில் அமர்ந்து நீளும் இயல்புடையது. இதே விலக்கை 2 இராஜாக்கள் 4:29இல் எலிசா கேயாசிக்கு இடுகிறார். அங்கே சூனேம் ஊராளின் மகன் இறந்து கிடக்கிறான், கேயாசி தாமதிக்கலாகாது. ஆகவே விலக்கப்படுவது அவசரமான பணியின் நடுவே வரும் நீண்ட உபசாரமேயன்றி மனித உறவு அன்று. அடுத்த வசனத்திலேயே, எந்த வீட்டில் புகுந்தாலும் முதற்சொல் சமாதான வாழ்த்தாக இருக்கவேண்டும் என்று ஆண்டவர் பணிப்பதையும் காண்க.

இவ்விலக்கு மத்தேயு, மாற்கு ஆகியோரின் அனுப்புதல் பகுதிகளில் இல்லை. லூக்காவில் மட்டுமே உள்ளது. அதே லூக்காதான் அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனின் உவமையைத் தருகிறார். ஆசாரியனும் லேவியனும் வழியில் ஒருவரையும் வினவாமல் சென்றவர்களே! விலக்கின் எழுத்தை மட்டும் பற்றிக்கொள்வோர் யாருடைய வரிசையில் நிற்க நேரிடும் என்பதை லூக்கா ஒரே அதிகாரத்துக்குள் காட்டிவிட்டதாகவே நாம் வாசிக்கிறோம். எல்லா விரிவுரையாளரும் இவ்விரண்டையும் இணைத்துக் காண்பதில்லை. எனினும் இணைத்துப் படிப்பதற்கு இடமுண்டு.

இனி எம்மாவு சாலைக்கு வருவோம். லூக்கா 24:14, 15 ஆகிய வசனங்களில் சீஷர் இருவரும் பேசிக்கொண்டு போனார்கள் என்பதைக் குறிக்க ‘ஹோமிலேயோ’ என்னும் வினை ஆளப்பட்டுள்ளது. புதிய ஏற்பாட்டில் இவ்வினை நான்கே இடங்களில் வருகிறது. நான்கும் லூக்காவின் இரு நூல்களில் உள்ளவை. மற்ற இரண்டு: துரோவாவில் விடியும்வரை பவுல் பேசிக்கொண்டிருந்தது (அப். 20:11), பேலிக்ஸ் பவுலை அடிக்கடி அழைத்துப் பேசியது (அப். 24:26). அருளுரைக் கலைக்கு மேனாட்டு மொழிகளில் வழங்கும் பெயர் இச்சொல்லிலிருந்தே பிறந்தது. ஆக, நாம் பீடத்தின்மேல் ஏற்றிவைத்திருக்கும் கலையின் பெயர், தொடக்கத்தில் நடந்துகொண்டே இருவர் பேசியதற்கு வழங்கிய பெயர். மாணவர் இதனை வெறும் சொற்பிறப்புச் செய்தியாகக் குறித்துக்கொண்டு விட்டுவிடலாகாது.

அச்சாலையில் நடந்ததின் ஒழுங்கும் கவனிக்கத்தக்கது. உயிர்த்தெழுந்தவர் தாமே நெருங்கிச் சேர்ந்து நடக்கிறார். அவரது முதற்சொல் ஒரு கேள்வி. அதற்குக் கிலெயோப்பா தரும் விடை எளியதன்று. அவரை எருசலேமில் தங்கும் அந்நியர் என்றே கருதிச் சற்று எரிச்சலோடு பேசுகிறான். ஆண்டவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை. இன்னொரு சிறு கேள்வியையே கேட்கிறார். அதன்பின் ஏறத்தாழ ஆறு வசனங்கள் கிலெயோப்பாவின் பேச்சு மட்டுமே. நடந்த அனைத்தையும் அவனைவிட நன்கறிந்தவர், அவன் சொல்லி முடிக்குமட்டும் கேட்டுக்கொண்டு நடக்கிறார். வேதவாக்கியங்களை விளக்குவது அதற்குப் பிறகே. ஊர் நெருங்கியதும் அப்பால் போகிறவர்போலக் காட்டுகிறார். அவர்கள் வருந்திக் கேட்டபின்னரே தங்குகிறார். பிலிப்புவும் அப்படியே. எத்தியோப்பிய மந்திரியின் இரதத்தோடு ஓடி, அவன் வாசிப்பதைக் காதால் கேட்டு, அந்த வாசிப்பைப் பற்றியே ஒரு கேள்வி கேட்கிறான். அழைத்தபின்பே ஏறி அமருகிறான். சமாரிய ஸ்திரீயிடமோ ஆண்டவர் கேள்விகூடக் கேட்கவில்லை, தண்ணீர் கேட்டார். கொடுக்க வந்தவர் வாங்குபவராக உரையாடலைத் தொடங்கியதை நம்மில் பலர் பிரசங்கித்திருக்கிறோம். பயணத்தில் அதனைக் கைக்கொள்ளுகிறவர் சிலரே. நம் பையிலுள்ள கைப்பிரதியை எடுத்து நீட்டுவது எளிது; பக்கத்து இருக்கைக்காரரிடம் குடிதண்ணீர் கேட்பது நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

இவையெல்லாம் வேதாகமத்தோடு வந்த புதுவழக்கம் என்று கொள்ள வேண்டியதில்லை. வழியிடைச் சந்திப்பையே இலக்கிய வகையாக்கி வைத்த மொழி தமிழ். பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை நிறுத்தி, தான் பெற்ற பேற்றைச் சொல்லி, போகவேண்டிய வழியையும் இடையிலுள்ள ஊர்களையும் கிடைக்கும் உணவையும் விவரித்து அனுப்புவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாடல்கள் இவ்வகையின. அவற்றுள் முதலாவதான திருமுருகாற்றுப்படை போற்றும் தலங்களுள் அலைவாய் எனும் திருச்செந்தூர் நம் பகுதியிலேயே உள்ளது; புன்னக்காயலிலிருந்து தெற்கே கடற்கரையை ஒட்டிச் சென்றால் காயல்பட்டினம், அதற்கப்பால் திருச்செந்தூர். இலங்கைத் தமிழரும் மெதடிஸ்த திருச்சபைத் தலைவருமான டி. டி. நைல்ஸ் (1908–1970), நற்செய்தி கூறுதலைச் சோறு கிடைக்குமிடத்தை ஒரு பிச்சைக்காரன் மற்றொருவனுக்குச் சொல்லுவதோடு ஒப்பிட்டது உலகெங்கும் பரவிய உவமை. அது ஆற்றுப்படையின் அமைப்பேயன்றோ! அவர் அதனை எண்ணிச் சொன்னாரோ இல்லையோ, தமிழ் மாணவர் அதனை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து பெற்றதாக நினைத்திருப்பது சற்று வியப்பானது. ஆற்றுப்படுத்துபவனும் கேட்பவனும் ஒரே தொழிலினர், ஒரே பசியை அறிந்தவர்கள் என்பதே இங்குக் கருத்து. உயரத்திலிருந்து பேசும் குரல் ஆற்றுப்படையில் இல்லை.

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள புன்னக்காயல் (புன்னைக்காயல் எனவும் எழுதுவர்) நம் பொருளுக்குத் தலைசிறந்த சான்று. இது கத்தோலிக்கப் பரதவரின் ஊர். நம் சபைகளின் வரலாற்றில் இடம்பெறாத ஊர். ஆயினும் அயல்நாட்டான் ஒருவன் வழியில் கண்டவர்களோடு பேசிப் பேசித் தமிழைத் தன்னுடையதாக்கிக்கொண்ட கதையை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காணமுடியாது.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களின் நடுப்பகுதியில் பெருந்தொகையினராய்த் திருமுழுக்குப் பெற்றனர். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய அரசியல் சூழ்நிலை அதற்குப் பின்னணி. திருமுழுக்கு உடனே கிடைத்தது. போதனை கிடைக்கவில்லை, ஏனெனில் போதிக்க வந்தவருக்கு அவர்கள் மொழி தெரியாது. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். உடன் தமிழறிந்த மாணவர் மூவர் வந்தனர். தம் மொழி பாஸ்க்கு என்றும் மக்கள் மொழி தமிழ் என்றும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை என்றும் 1544இல் எழுதிய கடிதத்தில் அவரே வெளிப்படையாகக் கூறுகிறார். இருமொழியும் அறிந்தவரைக் கூட்டி மிகுந்த பிரயாசத்தோடு மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று சொல்லிக்கொடுத்தார். கடற்கோயில் ஒன்றில் இருநூறுக்கு மேற்பட்ட பிராமணரோடு அவர் உரையாடியதையும் அக்கடிதம் தெரிவிக்கிறது. அது திருச்செந்தூராக இருக்கலாம் என்பர். அவர்களிடம் கேள்விகள் கேட்டார், விடைகளைக் கேட்டார். ஆனால் அவர்களைக் குறித்து எழுதிய கடுஞ்சொற்கள் இன்று நமக்கு உவப்பானவையல்ல. மனப்பாடமாய்ப் பேசுகிறவருக்குச் சொல்லித்தர முடியும்; எதிர்ச்சொல்லை உள்வாங்க முடியாது. சவேரியாரின் உள்ளன்பில் நமக்கு ஐயமில்லை. நாம் சுட்டுவது அம்முறையின் எல்லையை.

அவ்வெல்லையைக் கடந்தவர் என்றீக் என்றீக்கஸ் அடிகளார். தமிழில் அண்டிரிக்கு அடிகளார் என்பர். போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா ஊரில் 1520இல், யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். அவ்வழிமரபு அக்காலத் திருச்சபையில் ஓர் இழிவாகவே எண்ணப்பட்டது. புறந்தள்ளப்படுவது இன்னதென அவர் அறிந்திருந்தார் என்று கொள்ளலாம். 1546இல் கோவாவுக்கும் மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கும் வந்தார். 1549இல் அன்டோனியோ கிரிமினாலி வேதாளையில் கொல்லப்பட்டபின் இக்கரைப் பணியின் தலைமை இவரிடம் வந்தது. புன்னக்காயலை மையமாகக்கொண்டு பல்லாண்டு உழைத்து, 1600 பெப்ருவரி 6ஆம் நாள் இவ்வூரிலேயே மரித்தார். உடல் தூத்துக்குடிக்குக் கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. கரைக்கு வந்து 50 ஆண்டுகளுக்குமேல் அவர் வேறெங்கும் நிலையாகக் குடிபெயரவில்லை என்பதை, மூன்றாண்டுக்கொரு முறை இடமாற்றம் பெறும் நாம் சற்றே பொறாமையோடுதான் வாசிக்க வேண்டும்.

அவர் தமிழ் கற்க இலக்கண ஆசான் ஒருவரிடம் அமர்ந்து நன்னூல் பாடம் கேட்கவில்லை. வலை உலர்த்தும் மணலிலும், நோயாளியின் குடிலிலும், ஊர்விட்டு ஊர் நடக்கும் வழியிலும் மக்கள் வாயிலிருந்து வந்த சொற்களைக் கேட்டு, அவற்றின் திரிபுகளை ஒழுங்குபடுத்தி எழுதிக்கொண்டார். அவ்வாறு உருவான அவரது தமிழ் இலக்கணக் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது; 1982இல் ஹான்ஸ் வெர்மீர் அதனைப் பதிப்பித்தார்; 2013இல் ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் காணப்படுவது புலவர் தமிழன்று, 16ஆம் நூற்றாண்டுக் கடற்கரையில் நாவில் வழங்கிய தமிழ். மொழி வரலாற்றாசிரியருக்கு அது புதையல். நமக்கு அது வேறொன்றையும் சொல்லுகிறது: ஒருவர் எவ்வளவு கேட்டார் என்பதற்கு எழுத்துவடிவிலான அத்தாட்சி அது.

பணியாளர் தங்களுக்குள் பேசும்போதும் எழுதும்போதும் தமிழையே கையாள வேண்டும், மீறினால் ஒறுத்தல் உண்டு என்று ஒரு விதியை அவர்கள் கைக்கொண்டனர். போர்த்துக்கீசியக் குருமார் இருவர் தனித்திருக்கையிலும் தமிழிலேயே பேசிக்கொண்டனர் என்று எண்ணிப் பாருங்கள். இரயில் வண்டியில் சக போதகரோடு எதிரெதிரே அமர்ந்து, சுற்றியிருப்போர்க்கு விளங்கலாகாதென ஆங்கிலத்தில் சபைக்கமிட்டி விவகாரம் பேசுகிற நமக்கு இவ்விதி ஒரு குட்டு. அடிகளாரின் தொடக்ககாலக் கடிதங்களில் ஒரு யோகியோடு அவர் கொண்ட நட்பும் நீண்ட உரையாடலும் குறிப்பிடப்படுகின்றன. மருத்துவமனையொன்றும் புன்னக்காயலில் இவர் முயற்சியால் எழுந்தது. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறுநூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்நாட்டில் அச்சேறிய முதல் நூல்களுள் தலையாயது. நம் சபையார் தமிழ் அச்சு என்றால் தரங்கம்பாடி என்றே சொல்லிப் பழகியவர்கள். தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் இயங்கியது இதற்கு 130 ஆண்டுகளுக்கும் பின்னர். மறு ஆண்டு 1579இல் கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியனும் மாணாக்கனும் வினவி விடையிறுக்கும் உருவிலானது. மூலமான போர்த்துக்கீசிய நூலும் அவ்வுருவினதே. எனினும் வாழ்நாளெல்லாம் வினவிக்கொண்டே நடந்தவர் கையில் அவ்வுருவம் வெறும் பள்ளிக்கூட முறையாக இருந்திருக்காது. 1586இல் புனிதர் வரலாறு வந்தது.

நம் சபைகளின் முன்னோரிடத்தும் இம்மரபு உண்டு. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு இந்துக்களோடும் இஸ்லாமியரோடும் நிகழ்த்திய உரையாடல்களின் ஒரு தொகுதி 1719இல் இலண்டனில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. கால்டுவெல் 1841இல் சென்னையிலிருந்து இடையன்குடிக்குப் பெரும்பாலும் கால்நடையாகவே வந்தார். பல்லக்கோ குதிரையோ கிடைக்காமலில்லை. மக்களின் எண்ணத்தையும் பழக்கவழக்கத்தையும் பேச்சையும் அறிய நடப்பதே வழி என்று அவர் கருதினார். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தின் முதற்பாடங்களில் சில அச்சாலையில் கற்கப்பட்டவை என்று சொல்லுவது தவறாகாது. தாமஸ் கயத்தான் ராக்லண்ட் 1854 முதல் 1858இல் சிவகாசியில் மரிக்குமட்டும் வடதிருநெல்வேலியில் கூடாரத்தில் தங்கி ஊர்ஊராய்ச் சென்றார். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை முறைவைத்து அவரோடு அனுப்பின. உபதேசியார் இல்லாத ராக்லண்ட் யாரோடு என்ன பேசியிருப்பார்! நம் வரலாற்று நூல்களில் அந்த உபதேசிமாரின் பெயர்கள் அருகியே காணப்படுகின்றன.

இப்போது நம் நாளுக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இரயில்பாதை 1923இல் திறக்கப்பட்டது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத்து, குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் எனச் செல்லும் இப்பாதையின் நிலையப்பெயர்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு சமயநெறி ஒப்பாய்வுப் பாடம் ஆகிவிடும். நம்மாழ்வாரின் ஊர், மிஷன் வளாகத்தைச் சுற்றி வளர்ந்த ஊர், பள்ளிவாசல்கள் நிறைந்த இஸ்லாமிய வணிகரின் ஊர், முருகன் கோயில். உலகத் திருச்சபைகள் மாமன்றம் பல்சமய உரையாடலுக்கென 1971இல் தனிப்பிரிவு அமைத்ததையும், அதன் இயக்குநராக நம் நாட்டவரான ஸ்டான்லி சமர்தா பணியாற்றியதையும், 1977இல் சியாங் மாயில் கூடிப் பேசியதையும் நாம் வகுப்பில் படிப்பிக்கிறோம். அவை பெறுமதியுள்ளவை. ஆயினும் சியாங் மாய் போகாத சேகர ஆயருக்கும் மூன்றாம் பிளாட்பாரத்தில் இவ்வுரையாடல் காத்திருக்கிறது.

இங்கே ஒரு வேதனையான செய்தியைப் பேசாமல் விடமுடியாது. நம் பகுதியில் வழிப்பேச்சைத் தொடங்கும் கேள்வி, ‘அண்ணாச்சிக்கு எந்த ஊரு?’ என்பது. அன்பான கேள்விதான். அடுத்தது, ‘அந்த ஊருல எந்தத் தெரு?’ அதற்கடுத்தது, ‘அங்கே இன்னாரைத் தெரியுமா?’ கிறிஸ்தவர்களாயின் ‘எந்தச் சபை?’ என்று சேரும். மூன்றாவது கேள்விக்குள் எதிரேயிருப்பவரின் சாதி தெரிந்துவிடுகிறது. தெரிந்துகொள்ளவே அக்கேள்விகள் அந்த வரிசையில் அமைந்துள்ளன. கேட்பவர் அறிந்தே கேட்கிறார். விடைசொல்லுகிறவர் அறிந்தே தயங்குகிறார். தெருவின் பெயரைச் சொல்லாமல் தாலுகாவின் பெயரைச் சொல்லும் இளைஞரை நாம் பார்த்திருக்கிறோம். தெரிந்தபின் பேச்சு ஒன்று நெருக்கமாகிறது, அல்லது சட்டென நின்றுவிடுகிறது. இரண்டும் ஒரே நோயின் அறிகுறிகள். போதகர் வாயிலிருந்து இக்கேள்வி வரும்போது அதன் சுமை இன்னும் கூடுகிறது. வழிப்பயணத்தில் உறவை உண்டாக்கவேண்டும் என்று எழுதுகிற எவரும், நம் நாட்டில் உறவு விசாரிப்பதென்பதே பிரித்து நிறுத்தும் கருவியாகவும் இருக்கிறது என்பதை மறைக்கலாகாது. சமாரியப் பெண்ணின் முதல் மறுமொழியும் இதுவே: நீர் இன்னார், நான் இன்னாள், எப்படிக் கேட்கலாம் என்பது. ஆண்டவர் அக்கேள்விக்குள் நுழையாமல் தண்ணீரைப் பற்றியே பேச்சைத் தொடர்ந்தார்.

ஆகையால் எங்கிருந்து வருகிறீர் என்பதைவிட, எதுவரை செல்லுகிறீர் என்பதே போதகருக்கு ஏற்ற கேள்வி. புறப்படுகிறவரை ‘எங்கே’ என்று கேட்பது ஆகாது என்னும் எண்ணம் நம் மக்களிடையே உண்டு, அதனால்தான் ‘தூரமா?’ என்று நயமாகக் கேட்பர். வண்டி ஓடத் தொடங்கியபின் ‘எதுவரைக்கும்?’ என்பதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. பிறந்த தெருவை யாரும் தேர்ந்துகொள்ளவில்லை. போகும் இடத்தையோ ஒருவர் காரணத்தோடு தேர்ந்திருக்கிறார். மருத்துவமனைக்கு, நேர்த்திக்கடனுக்கு, மகளின் பேறுகாலத்துக்கு, வழக்குமன்றத்துக்கு, வெளிநாடு போகிற மகனை வழியனுப்புவதற்கு. அக்காரணத்தில்தான் அவருடைய துக்கமும் நம்பிக்கையும் இருக்கின்றன. சொன்னால் கேட்கலாம். சொல்லாவிட்டால் ஜன்னல் வழியே ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலைப் பற்றிப் பேசலாம், அதுவும் உரையாடலே. கைபேசியில் மூழ்கியிருக்கும் பயணியைக் குறைகூறிப் பயனில்லை. காதில் ஒலிக்கருவி மாட்டியிருப்பவர் இப்போது பேச விருப்பமில்லை என்று நாகரிகமாகச் சொல்லுகிறார். பிலிப்பு ஏசாயாவை வாசித்தவனைத்தான் வினவினான், உறங்கினவனை அன்று.

2023 டிசம்பர் 17, 18 நாட்களில் இப்பள்ளத்தாக்கில் பெய்த மழையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. 17ஆம் நாள் இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு வண்டி, தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்தமையால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள். ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளிக்குக் கொண்டுபோகப்பட்டனர். எஞ்சியோர் வண்டியிலும் நிலையத்திலுமே 19ஆம் நாள்வரை இருந்தனர். அவர்களுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்திலுள்ள புதுக்குடி ஊரார். அவர்களும் வெள்ளத்தின் நடுவே இருந்தவர்களே. ‘சாப்பிட்டாச்சா?’ என்பதை வெறும் உபசாரச் சொல்லாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். அந்த இரண்டு நாட்களில் அக்கேள்விக்கு அதன் முழுப்பொருளும் திரும்பியது. எந்தத் தெரு என்று கேட்டறிந்து எவரும் சோறிடவில்லை. வெள்ளம் வடிந்தபின் அக்கேள்விகள் திரும்ப வந்தன என்பதும் உண்மைதான்.

ஊழியர் கவனிக்கவேண்டிய வேறு சில உள. வெள்ளங்கி அணிந்து பயணம் செய்யும் போதகரிடம் மக்கள் பேச்சுக்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுகின்றனர்: கைப்பிரதி வரும், அல்லது காணிக்கைப் பேச்சு வரும் என்று. அவ்வெதிர்பார்ப்பை ஏமாற்றுவதே நல்ல தொடக்கம். ஓடும் வண்டியிலிருந்து இறங்கிப்போக முடியாத ஒருவரிடம் நம் செய்தியைத் திணிப்பது, கேட்பவனின் சுதந்தரத்தை மதித்து அப்பால் போகிறவர்போலக் காட்டிய ஆண்டவரின் வழியன்று. மதமாற்றத்தைக் குறித்த ஐயங்கள் மலிந்துள்ள இந்நாட்களில் இது நாட்டுச் சூழ்நிலைக்கு ஏற்ற எச்சரிக்கையும் ஆகும். ஆனால் அச்சத்தால் அன்று, மரியாதையால் இதனைக் கைக்கொள்ளவேண்டும். பெண்பயணியரோடு ஆண் ஊழியர் தாமாகப் பேச்சைத் தொடங்குவது எல்லா இடத்திலும் முறையாகாது. நம் கல்லூரியில் பயிலும் பெண் மாணவியருக்கோ நிலைமை வேறு: மீன்கூடையோடு ஏறும் தாய்மார் அவர்களிடம் தாமாகவே பேசுவார்கள், அதே வேளையில் தாங்கள் பேச விரும்பாத ஆண்களிடமிருந்து விலகும் உரிமை அவர்களுக்கு உண்டு. உரையாடல் ஊழியம் என்னும் பெயரால் அவ்வுரிமையை யாரும் குறைக்கலாகாது.

இன்னுமொன்று கண்டிப்பாய்ச் சொல்லவேண்டியுள்ளது. வழியில் அந்நியர் ஒருவர் நம்மிடம் மனந்திறந்து சொன்னதை அடுத்த ஞாயிறு அருளுரையில் உதாரணமாக்கும் பழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. பெயர் சொல்லவில்லையே என்பது போதிய விடையன்று. மீண்டும் சந்திக்கமாட்டோம் என்னும் துணிவில்தான் அவர் சொன்னார். நாமோ அதனை மூன்று சபைகளில் சொல்லிவிடுகிறோம். கலந்தாலோசனை அறையில் கேட்டவற்றுக்கு இரகசியக் காப்பு உண்டு என்று மாணவருக்குக் கற்பிக்கிறோம். பேருந்து இருக்கைக்கு அது பொருந்தாது என்று எந்த நூலில் வாசித்தோம்?

திருச்செந்தூருக்கு அண்மையிலுள்ள வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் மேனாட்டு மிஷனெரிமாரை நோக்கி, அவர்களுடைய தியாகத்தையும் ஈகையையும் இந்தியத் திருச்சபை மறவாது என்று கூறி, அவற்றுக்கும் மேலாக நண்பர்களைத் தரும்படி கேட்டார். அவ்வுரை மேனாட்டார்க்கு உரைக்கப்பட்டதென்று நாம் அதனைப் பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோம். நம் கிராமத்துச் சபையாரும், நம் அயலகத்து இந்துவும் இஸ்லாமியரும் அதே வேண்டுகோளை நம்மிடம் வைக்கலாம் என்பது நமக்குத் தோன்றுவதில்லை. நட்புக்கு நீண்ட காலம் வேண்டும், ஒரு மணிநேரப் பயணத்தில் நட்பு எப்படி வரும் என்று சிலர் கேட்பர். பிலிப்புவுக்குக் கிடைத்தது ஒரு சாலையின் நீளமே. அவன் மந்திரியின் முகவரியைக் கேட்கவில்லை. கந்தாகே அரசியின் அரண்மனைக்குப் பின்தொடர்ந்து கடிதம் எழுதினதாகவும் இல்லை. இறங்கும்போது கைபேசி எண்ணைக் கேட்டு வாங்குவதையே உறவின் அடையாளமாகக் கொள்ளும் இளைய ஊழியர் இதனைச் சிந்திக்கலாம். அவரே தந்தால் பெற்றுக்கொள்வதில் தவறில்லை.

தூத்துக்குடி – திருச்செந்தூர் நெடுஞ்சாலையை விட்டு ஆத்தூரருகே பிரியும் பேருந்தில், புன்னக்காயல் செல்லும் முதியவர்கள் நம்மைக் கண்டால் ‘சாமி’ என்பார்கள். நம் சபைகளில் போதகரை ‘ஐயர்’ என்பதே வழக்கமாதலால், ‘நாங்கள் சாமியல்ல, ஐயர்’ என்று திருத்தும் நண்பர்கள் நமக்கு உண்டு. அத்திருத்தத்தை அடுத்த சந்திப்புக்கு ஒத்திவைக்கலாம். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர், இனி என்றுமே காணப்போகாத நம்மிடம் ‘வாரேன் சாமி’ என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்.